இயந்திரத்தின் வலு வழியில் எங்கே போகிறது?

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



குளத்தின் துருசைத் திறந்து விடுகின்றோம். நீர் வாய்க்காலிற் பாய்கின்றது. துருசடியிற் பாய்ந்த நீர் முழுவதும் கடைசி வயலுக்கு வந்து சேர்வதில்லை என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நண்டு துளைத்த வரம்பாற் சிறிது போகும். மணற்பாங்கான இடத்தில் நிலம் சிறிது குடிக்கும். மேல்வயற்காரர் இரவோடிரவாகச் சிறிது திருப்பிக் கொள்வதும் உண்டு. நீர் போதவில்லை என்று கண்ட கடைசி வயற்காரர், குளக்கட்டை உயர்த்தித் தரும்படி மனுவெழுதுவதற்கு முன், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலோரம் ஒருமுறை நடந்து பார்ப்பார். ஆனால் உழவு இயந்திரம் இழுக்கவில்லை என்றால் நாம் அவ்வாறு நடந்து பார்ப்பதில்லை. "எஞ்சின் வலுக் காணாது, பெரிய எஞ்சின் வேண்டும்" என்று உடனே தீர்மானித்து விடுகின்றோம். எஞ்சினுக்கும் மண்ணுக்கும் இடையிலும் ஒரு வாய்க்கால் உண்டு. இன்று அந்த வாய்க்காலோரம் உங்களோடு நடந்து வருவதே என் நோக்கம்.

ஒரு பெரும்போகத் தொடக்கத்தில் ஒரு கமக்காரர் என்னிடம் வந்தார். அவரிடம் இருந்தது இரு சில்லு உழவு இயந்திரம். எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்ததாயினும் நம்மவர் பலர் அதனை லான்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். அவரும் அப்படியே அழைத்தார். "ஐயா, எஞ்சின் கத்துகிறதே தவிர வயல் நகரவில்லை. 10 குதிரைவலு எஞ்சினைக் கழற்றிவிட்டு 14 குதிரைவலு எஞ்சின் பூட்டப் போகிறேன். வீட்டில் நகையைத் தந்திருக்கிறார்கள். எந்த எஞ்சின் நல்லது என்று சொல்லுங்கள்" என்றார். நகை இன்னும் அடகுக் கடைக்குப் போகவில்லை என்று கேட்டறிந்தேன். "எஞ்சினைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் உங்கள் வயலுக்குப் போவோம்" என்றேன். அங்கே கண்டதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

எஞ்சினின் மீது 10 குதிரைவலு என்று தகட்டில் எழுதியிருக்கின்றதே, அந்த எண் எங்கே அளக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். குதிரைவலு என்னும் அளவை வகுத்தவர் நீராவி எஞ்சினைச் சீர்ப்படுத்திய ஜேம்ஸ் வாட் என்பவர். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் பாரத்தை ஓர் அடி உயர்த்தும் வேலை ஒரு குதிரைவலு என அவர் கணக்கிட்டார். இன்றைய மின்னளவில் அது 746 வாற்று. எஞ்சினின் வலுவை அளக்க, சுழலும் தண்டை ஒரு கட்டையால் இறுகப் பிடித்து, அக்கட்டை எவ்வளவு விசையோடு இழுபடுகிறது என்று பார்க்கும் முறையைப் பிரான்சு தேசத்துப் பொறியியலாளர் புரோனி என்பவர் 1821இல் அமைத்தார். இன்று நுண்ணிய கருவிகள் வந்துவிட்டன, தத்துவம் அதுவே. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது யாதெனில், அளவு எடுக்கப்படும் இடம் எஞ்சினின் தண்டு முனையாகும். வாரும் இல்லை, கியர்ப்பெட்டியும் இல்லை, சில்லும் சேறும் இல்லை. தகட்டிலுள்ள எண் துருசடியில் அளந்த நீர். உங்கள் வயலில் அளந்த நீரன்று.

கார் வாங்கியோரும் இவ்வகையில் ஏமாந்ததுண்டு. அமெரிக்காவில் 1971 வரை விளம்பரங்களில் எழுதப்பட்ட குதிரைவலு, காற்று வடிகட்டியையும் மின்பிறப்பாக்கியையும் வழக்கமான புகைக்குழாயையும் நீக்கி, வெறும் எஞ்சினை மேடையில் ஓட்டி அளந்ததாகும். 1972இல் வந்த கார்களுக்கு அவற்றை எல்லாம் பூட்டிய நிலையில் அளந்த எண்ணை எழுதலாயினர். அதே எஞ்சினுக்கு ஓராண்டில் எண் மிகக் குறைந்தது கண்டு எஞ்சின் கெட்டுவிட்டதோ எனப் பலர் மயங்கினர். கெட்டது எஞ்சினன்று, அளந்த இடம் மாறியது. அந்த உண்மையான எண்ணும் தண்டு முனையில் உள்ளதே. காரின் சில்லைச் சுழல் உருளைகளின் மேல் நிறுத்தி அளந்தால், அதிலும் 100க்கு ஏறக்குறைய 10 முதல் 15 பங்கு குறைந்தே காணப்படும்.

எஞ்சினுக்குள்ளேயே பெரும் இழப்பு ஒன்று உண்டு. எரிபொருளில் உள்ள சத்தி 100 பங்கு என்று கொண்டால், சிறிய டீசல் எஞ்சின் ஏறக்குறைய 30 பங்கையே தண்டில் தரும். பெற்றோல் எஞ்சின் 25 பங்களவில். மிகுதி புகையோடு வெப்பமாகவும், றேடியேற்றர் நீரோடு வெப்பமாகவும் போய்விடுகின்றது. இது எஞ்சின் செய்தவரின் விடயம்; நீங்களும் நானும் இதிற் செய்யக்கூடியது சிறிது. காற்று வடிகட்டியைத் துப்புரவாக வைத்திருங்கள். புழுதி அடைத்த வடிகட்டியோடு உழுகின்றவர், மூக்கைப் பொத்திக்கொண்டு மண்வெட்டி பிடிக்கின்றவரைப் போன்றவர்.

மலைநாட்டு மரக்கறித் தோட்டக்காரருக்கு ஒரு வார்த்தை. உயரம் கூடக் காற்று அடர்த்தி குறையும். காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி இல்லாத எஞ்சின், ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் 100க்கு ஏறக்குறைய 3 பங்கு வலுவை இழக்கும். நுவரெலியா 6,000 அடிக்கு மேலானது. ஆகவே கரையோரத்தில் 10 குதிரைவலு தந்த எஞ்சின் அங்கே 8க்குச் சற்று மேலாகவே தரும். அங்குள்ளவர் தம் எஞ்சினைப் பழையது என்று பழிக்கும்போது, மலையையும் ஒருகாற் பழித்தல் நியாயமாகும்.

இனி, எஞ்சினின் தண்டிலிருந்து வெளியே வருவோம். முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். "முதலாம் கியரில் வலுக் கூட, மேல் கியரில் வலுக் குறைவு" என்று நாம் பேசிக்கொள்கின்றோம். கியர் வலுவைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகின்றது, அவ்வளவே. துலாவிலும் இதையே காண்கின்றோம்: துலாமரத்தின் நீண்ட பக்கம் நெடுந்தூரம் ஏறியிறங்க, கட்டை பக்கம் சிறிது தூரமே அசைந்து பெரும்பாரத்தைச் சமாளிக்கின்றது. முதலாம் கியரில் சில்லு மெதுவாகவும் பலமாகவும் சுழல்வது இழப்பன்று. இழப்பு என்பது பல்லோடு பல் உரைவதிலும், எண்ணெயைக் கலக்குவதிலும், பேரிங்கு சுழல்வதிலும் உண்டாகும் வெப்பமே.

நன்றாக வெட்டிய பற்சில்லு ஒரு சோடி, தன்னிடம் வந்த வலுவில் 100க்கு 1 அல்லது 2 பங்கையே விழுங்கும். அது பெரிதன்று, ஆனால் எத்தனை சோடிகளைத் தாண்டி வருகின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். பின்சில்லால் ஓடும் பழைய கார்களில் மேல் கியர் பெரும்பாலும் நேர் கியராகும். எஞ்சினிலிருந்து வந்த தண்டும் பின்னே போகும் தண்டும் ஒன்றாய்ப் பூட்டப்பட்டுச் சுழலும். பற்கள் பாரம் தாங்குவதில்லை. ஆதலால் அந்தக் கியரில் இழப்பு மிகக் குறைவு. ஆயினும் பின்னச்சில் சுழற்சியை ஒரு பக்கத்திலிருந்து மற்றைய பக்கத்துக்குத் திருப்பும் பற்சில்லுகள் ஒன்றோடொன்று சறுக்கிக்கொண்டே உரைவதனால் அங்கே சற்று அதிகம் போகும். எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சில்லால் ஓடும் கார்களுக்கு இந்தத் திருப்பம் தேவையில்லை. தானே கியர் மாற்றும் கார்களிலோ, எண்ணெயினூடாக வலுவைக் கடத்தும் ஒரு பாத்திரம் இருக்கின்றது. அதன் இரு பாதிகளும் பூட்டிக்கொள்ளாத வேளைகளில் வலு எண்ணெயைச் சூடாக்குவதிற் கழியும்.

உங்கள் இரு சில்லு இயந்திரத்தில் வலு வரும் பாதை இன்னும் நீளமானது. எஞ்சின் கப்பி, அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று வார்கள், கிளச்சு, கியர்ப்பெட்டியிற் சில பற்சோடிகள், சிலவற்றிற் சங்கிலியும், பின்னர் அச்சு, சில்லு என்று அது போகும். எல்லாம் நல்ல நிலையிலிருந்தால் வார் 100க்கு 5 பங்கும், பற்களும் சங்கிலியும் பேரிங்குகளும் சேர்ந்து 10 பங்கும் எடுத்துக்கொள்ளும் என வைத்துக்கொள்ளலாம். 10 குதிரைவலுவில் 8½ சில்லின் அச்சுக்கு வந்து சேரும். இதைக் குறைகூற இடமில்லை.

நல்ல நிலையில் இல்லாதபோது நிகழ்வது வேறு. அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா; உங்கள் உள்ளங்கையே போதும். ஏனெனில் வழியில் இழக்கப்படும் வலு மறைந்து போவதில்லை. ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். ஒரு குதிரைவலு ஓரிடத்தில் இழக்கப்படுகின்றது என்றால், அந்த இடத்தில் ஒரு மின்னழுத்தி ஓயாமற் சூடேறிக்கொண்டிருக்கின்றது என்று பொருள். அரை மணி நேரம் உழுதபின் எஞ்சினை முற்றாக நிறுத்திவிட்டு, கப்பிகள், கியர்ப்பெட்டி, இரு பக்க அச்சு முனைகள், பெட்டியின் சில்லுக்குடங்கள் ஆகியவற்றைப் புறங்கையால் மெல்ல அணுகிப் பாருங்கள். கியர்ப்பெட்டி இளஞ்சூடாயிருப்பது இயல்பு. ஒரு பக்க அச்சு முனை மற்றப் பக்கத்தைவிட மிகச் சூடாயிருந்தாலும், கை வைத்து மூன்று எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டாலும், அங்கே ஒரு குறை உண்டு. புகைக்குழாயை மாத்திரம் தொடவேண்டாம். எஞ்சின் ஓடும்போது எதனையும் தொடவே வேண்டாம். சாரத்தின் நுனியை வார் கவ்விக்கொண்டால் காலையும் இழுத்துக்கொள்ளும். வார்க்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உழுபவரைக் கண்டால் எனக்கு இயந்திரத்தைப் பற்றிய பேச்சே மறந்துவிடுகின்றது.

வாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும்; கையால் திருத்தக்கூடிய இழப்புகளுள் இதுவே முதன்மையானது. சரிவுப் பக்கங்களையுடைய வார், கப்பியின் பள்ளத்தில் ஆப்புப்போல இறுகி, தன் இரு பக்கங்களாலேயே வலுவைக் கடத்துகின்றது, அடிப்பக்கத்தாலன்று. கப்பியின் பள்ளத்து அடி பளபளவென்று மின்னினால், வார் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது, அல்லது கப்பி தேய்ந்துவிட்டது என அறிக. இரண்டாவது அடையாளம் கவசத்தினுள்ளே படியும் கரிய றப்பர்த்தூள். மூன்றாவது, பாரம் ஏறும்போது எழும் கிறீச்சென்ற ஓசை. இவ்வோசையை எஞ்சினின் களைப்பு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். எஞ்சின் களைக்கவில்லை, அது தரும் வலுவை வார் வாங்கிக்கொள்ளவில்லை.

இறுக்கத்தைப் பார்க்கும் விதம் இது. எஞ்சினை நிறுத்தி, இரு கப்பிகளுக்கும் நடுவே வாரைப் பெருவிரலால் அழுத்துங்கள். கப்பிகளுக்கிடையே வார் தொடாது நிற்கும் நீளம் ஒரு மீற்றராயின் ஏறக்குறைய 16 மில்லிமீற்றர் பதிய வேண்டும். அரை மீற்றராயின் 8 மில்லிமீற்றர். இதைவிட மிகப் பதிந்தால் எஞ்சினை முன்னே தள்ளி இறுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்குவதும் தீது. அப்போது பேரிங்குகளும் எஞ்சினின் வளைதண்டும் தேயும், தேய்வோடு வெப்பமும் கூடும். ஒரு நூலைப் பிடித்து இரு கப்பிகளின் முகங்களும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்றும் பாருங்கள். மூன்று வார்களில் ஒன்று அறுந்தால் மூன்றையும் ஒருங்கே மாற்றுங்கள். பழையவை நீண்டிருக்கும், புதியது ஒன்றே பாரம் முழுவதையும் சுமந்து விரைவில் அறும். வழுக்குகின்ற வாருக்குச் சவர்க்காரம் தேய்ப்பதும் பிசின் தடவுவதும் சிலரிடம் வழக்கமாயிருக்கின்றது. ஒரு மணி நேரம் பிடிப்பதுபோலத் தோன்றும். பின்னர் வாரே கெடும். எண்ணெய் பட்ட வாரைத் துடைத்தாற் போதாது. எண்ணெய் எங்கிருந்து கசிகின்றது என்பதைக் கண்டுபிடித்து அடைத்தல் வேண்டும்.

கிளச்சுக்கும் இதுவே. கிளச்சுப்பிடியைத் தளர்வே இல்லாதபடி இறுக்கி வைத்தால் அது முழுதும் பிடிக்காமல் ஓயாது வழுக்கும். பிறேக்கின் நிலைமை இதற்கு மாறானது. விட்டபின்னும் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கும் பிறேக்கு, எஞ்சின் தள்ளத் தள்ளப் பின்னே இழுக்கின்றது. பெட்டியின் சில்லு இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கி, கையாற் சுழற்றிப் பாருங்கள். நாலைந்து சுற்றாவது தானே சுற்ற வேண்டும். சந்தைக்கு மரக்கறி ஏற்றுவோர் பலர், வீதியில் எஞ்சின் முக்குவதற்குப் பாரத்தைக் காரணம் சொல்வர். அரைக் காற்றோடிருக்கும் ரயரும் பிடித்த பிறேக்குமே பெரும்பாலும் காரணம். நல்ல காற்றழுத்தமுள்ள ரயர் தார்வீதியில் 100 கிலோ பாரத்துக்கு 1 அல்லது 1½ கிலோ விசையையே கேட்கும். அதே பாரம் உழுத மண்ணில் 10 கிலோவுக்கு மேற் கேட்கும்.

கியர்ப்பெட்டிக்கு, கைந்நூலிற் குறித்த தரத்து எண்ணெயைக் குறித்த மட்டம்வரை ஊற்றுங்கள். கூட ஊற்றினால் நல்லது என்று எண்ணி வாய்வரை நிரப்புவோர் உளர். பற்சில்லுகள் அந்த எண்ணெயை நாள் முழுவதும் கடைந்துகொண்டிருக்கும். தயிர் கடைவது போன்ற வேலைதான் அது. வெண்ணெய் ஒன்றே வராது.

இதுவரை சொன்னவை எல்லாம் சில்லின் அச்சுவரை உள்ள பாதை. இவற்றையெல்லாம் செவ்வையாக வைத்திருக்கும் ஒருவருக்கும் மிகப் பெரிய இழப்பு இனிமேற்றான் காத்திருக்கின்றது. அது சில்லும் மண்ணும் சந்திக்கும் இடம்.

இதற்கு ஒரு பழைய சான்று சொல்கிறேன். உழவு இயந்திரங்கள் அமெரிக்காவிற் பரவத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொன்றுக்கும் இரு எண்களை இணைத்து எழுதுவது வழக்கமாயிருந்தது. 12-25 என்பது போல. பின்னைய எண் வார் மூலம் நிலையாக நின்று வேலை செய்யும்போது தரும் குதிரைவலு. முன்னைய எண் கலப்பையை இழுக்கும் கொளுவியிற் கிடைக்கும் குதிரைவலு. செய்தவரே, 25இல் 12 தான் கலப்பைக்கு வரும் என்று ஒப்புக்கொண்ட காலம் அது. ஆனால் அந்தச் சிறிய எண்ணைக்கூட மெய்யாகத் தராத இயந்திரங்கள் பல விற்கப்பட்டன. நெபிராஸ்கா மாநிலத்தில் கமக்காரராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த வில்மட் குரோசியர் என்பவர் தாமே அவ்வாறு ஏமாந்தவர். அவருடைய முயற்சியினால் 1919இல் அங்கே ஒரு சட்டம் நிறைவேறிற்று: பல்கலைக்கழகத்திற் சோதிக்கப்படாத மாதிரி உழவு இயந்திரத்தை அம்மாநிலத்தில் விற்கலாகாது. 1920இல் முதன்முதலாகச் சோதனையை நிறைவேற்றியது வாட்டர்லூ போய் என்னும் இயந்திரம். அது 12-25 என்று குறிக்கப்பட்டதே. கமக்காரர் ஒருவர் கேட்ட கேள்வியால் இழுவை வலு வேறு, எஞ்சின் வலு வேறு என்பது சட்டத்தில் ஏறியது.

இக்காலத்துப் பொறியியலாளர், இரு பின்சில்லால் இழுக்கும் உழவு இயந்திரங்களுக்கு ஏறக்குறைய இவ்வாறு கணக்கிடுகின்றனர். அச்சுக்கு வந்த வலு 100 பங்காயின், கொங்கிரீற்றுத் தரையில் 87 பங்கு இழுவையாக மாறும். இறுகிய நிலத்தில் 72. உழுத நிலத்தில் 67. மெத்தென்ற நிலத்தில் 55. நம்முடைய 10 குதிரைவலுவில் அச்சுக்கு 8½ வந்தது அல்லவா? மெத்தென்ற நிலத்தில் அது 4¾ ஆகக் குறைந்துவிடும். இதுவும் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது. வார் தளர்ந்து 100க்கு 20 பங்கை விழுங்கி, ரயர் தேய்ந்து மண்ணில் 45 பங்கே பிடிக்குமாயின், 10 என்பது 3¼ ஆகும். அப்படிப்பட்ட இயந்திரத்திற்கு 14 குதிரைவலு எஞ்சின் பூட்டினாற் கிடைப்பது 4½. நல்ல நிலையிலிருக்கும் 10 குதிரைவலு இயந்திரம் தருவதிலும் குறைவு. வாரும் அந்தப் பெரிய எஞ்சினைத் தாங்காது விரைவில் அறும்.

மண்ணில் இழப்பு இரு வகை. சில்லு புதைந்து, தனக்கு முன்னேயுள்ள மண்ணைத் தானே ஏறிக்கொண்டு போவது ஒன்று. சில்லு பத்துச் சுற்றுச் சுற்றியும் எட்டுச் சுற்றுத் தூரமே நகர்வது மற்றொன்று. இதையே வழுக்கல் என்கின்றோம். சிறிதளவு வழுக்கல் இல்லாமல் எந்தச் சில்லும் இழுக்காது. 100க்கு 8 முதல் 15 வரை நன்று. 20க்கு மேலானால் டீசல் மண்ணைக் கிளறுவதிற் போகின்றது.

வழுக்கலை அளப்பது எளிது. உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையே செய்யலாம். ரயரின் ஓரத்திற் சுண்ணாம்பால் ஒரு கோடு இடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, உழப்போகும் அதே நிலத்தில், சில்லு 10 சுற்றுச் சுற்றும் தூரத்திற்குத் தடி ஊன்றி அளந்துகொள்ளுங்கள். பின்பு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே மீண்டும் 10 சுற்றுக்கு அளவுங்கள். முதலில் 19 மீற்றரும் உழும்போது 15 மீற்றரும் வந்தால் 4 மீற்றர் குறைவு. 19இல் 4 என்பது 100க்கு 21. சில்லுக்கு வந்து சேர்ந்த வலுவில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இந்த ஓரிடத்தில் போய்விடுகின்றது என்று அதற்குப் பொருள்.

குறைக்கும் வழிகள் நிலத்தைப் பொறுத்தவை. காய்ந்த நிலத்திற் சில்லுக்குப் பாரம் பூட்டினாற் பிடி கூடும். சேற்றில் அதே பாரம் புதைத்துவிடும். சேற்று உழவுக்கு இரும்புக் கூட்டுச்சில்லைப் பூட்டுதலே முறை. ரயரின் கட்டைகள் தேய்ந்து தட்டையானால் ரயரை வீதிவேலைக்கு விட்டுவிட்டு வயலுக்குப் புதிதாகப் போடுதல் வேண்டும். ரயர் எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டப்பட்டிருக்கின்றது என்பதையும் பாருங்கள்: இயந்திரத்தின் பின்னால் நின்று நோக்கும்போது ரயரின் கட்டைகள் கூரை முகடுபோல மேலே கூடி நிற்க வேண்டும். பஞ்சர் ஒட்டியபின் இடம் வலமாக மாற்றிப் பூட்டி ஒரு போகம் முழுவதும் உழுதவரை நான் அறிவேன். மண் கட்டைகளுக்கிடையில் அடைந்து ரயர் உருண்டைக் கல்லாகிவிடும்.

நாற்சில்லு இயந்திரக்காரர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். பின்னச்சிலுள்ள பற்சில்லுக் கூட்டம், வளைவில் திரும்பும்போது இரு சில்லும் வெவ்வேறு வேகத்தில் ஓட இடங்கொடுப்பது. அதன் குணம் யாதெனில், இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையையே கொடுக்கும். ஒரு சில்லு சேற்றிற் சுழன்றால், அது கேட்கும் சொற்ப விசையே இறுகிய தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். இயந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்காகவே பூட்டும் மிதி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. சில்லு சுழன்று குழி தோண்டுவதற்கு முன்னரே, மெதுவாக ஓடும்போது அதனை மிதியுங்கள், நேரே போகும்போது மாத்திரம் பயன்படுத்துங்கள், திரும்பும்போது விட்டுவிடுங்கள். பூட்டிய நிலையில் திருப்பினால் பற்களோ அச்சோ உடையும்.

கிணற்றடியில் நீரிறைக்கும் மரக்கறித் தோட்டக்காரருக்குச் சில்லு இல்லை. ஆனால் வார் உண்டு, குழாய் உண்டு. வாரைப் பற்றிச் சொன்னது முழுவதும் அவருக்கும் பொருந்தும். குழாயின் வளைவுகளையும் ஒடுக்கங்களையும் பற்றிப் பிறிதொரு நாளிற் பேசலாம்.

இனி நகையோடு வந்த அந்தக் கமக்காரரின் வயலுக்குப் போவோம். எஞ்சினை அரை மணி ஓட்டி நிறுத்தினோம். கப்பியருகே கை கொண்டுபோகவே முடியவில்லை. கவசத்தினுள் ஒரு கைப்பிடி றப்பர்த்தூள். வார் இரண்டும் பெருவிரலுக்கு இரண்டு அங்குலம் பதிந்தன. வார்களை இறுக்க இடமிருக்கவில்லை; புதிதாக ஒரு சோடி வாங்கினோம். அதன் பின்னர்ச் சுண்ணாம்புக்கோடு இட்டு அளந்தோம்: கலப்பையின்றி 19 மீற்றர், உழும்போது 12. வழுக்கல் 100க்கு 37. ரயரின் கட்டைகள் தேய்ந்து விரலுக்கு எட்டாதிருந்தன. வயலோ முதல் மழையில் நனைந்து மேலே பசையும் கீழே இறுக்கமுமாயிருந்தது. கூட்டுச்சில்லை அயலவரிடம் இரவலாக வாங்கிப் பூட்டி, கலப்பையின் ஆழத்தையும் சிறிது குறைத்தோம். சில்லு மாறியபடியால் கலப்பையின்றியும் புதிதாக அளந்து, பின்னர் உழுது பார்த்தோம். வழுக்கல் 17க்கு இறங்கியது.

முழுப் பாரத்தில் 10 குதிரைவலு டீசல் எஞ்சின் மணிக்கு 2 முதல் 2½ லீற்றர் வரை குடிக்கும். வயல் முடிய எத்தனை மணி குறைந்தது என்று அவரே கணக்குப் பார்த்துக்கொண்டார். அவ்வாண்டு அவர் வாங்கியவை ஒரு சோடி வாரும், அடுத்த போகத்துக்கு முன் ஒரு சோடி ரயரும்.

"அப்படியானால் 14 குதிரைவலு எஞ்சின் வேண்டவே வேண்டாமா, ஐயா?" என்று அவர் பின்னர்க் கேட்டார். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கைநிலம் கூடினால், களி நிலத்தைக் காய்ந்தபடியே ஆழ உழவேண்டி வந்தால், பெரிய எஞ்சினும் அதற்கேற்ற கப்பியும் கியர்ப்பெட்டியும் உள்ள இயந்திரமும் தேவைப்படலாம். பழைய கியர்ப்பெட்டியில் பெரிய எஞ்சினை ஏற்றுவதற்கு முன், அந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று கைந்நூலைப் பார்க்கச் சொன்னேன். நகை வீட்டிற்குத் திரும்பிப் போயிற்று.

பெரும்போக மழைக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. வார்க்கவசத்தைக் கழற்றி உள்ளே பார்ப்பதற்கு இதுவே தகுந்த காலம். சுண்ணாம்புக்கோட்டுக் கணக்கை எழுதிக்கொண்டு வருபவர்களுக்கு, அந்த எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று அடுத்த கூட்டத்திலே தனித்தனியே சொல்ல ஆயத்தமாயிருக்கிறேன்.